டீத்தட்டில் வரும் மாத்திரை

பக்கத்து பெஞ்சுக்காரியே, முதலில் ஒரு கெஞ்சல். இந்தத் தாள்களை யாருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்கும் காட்டாதே. டீச்சர் கண்ணில் பட்டுவிடவே கூடாது. அவர் எழுதிக் கொடுத்த பேச்சை நான் மனப்பாடம் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நாளை போதை ஒழிப்புக் கூட்டத்தில் நான் பேசப்போவது அதை அல்ல, இதை. பயமாக இருக்கிறது. எழுத்து கோணல்மாணலாக வருகிறது, பொறுத்துக்கொள். மேடையில் என் குரல் நின்றுபோனாலோ, யாராவது மைக்கை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டாலோ, நீ எழுந்து நின்று விட்ட இடத்திலிருந்து படி. உன் குரல் என்னுடையதைவிடக் கனமானது. அதற்காகத்தான் உனக்கு இந்தப் பிரதி. நாளை நான் மேடை ஏறும்வரை இது உன் பைக்குள் புத்தகங்களுக்கு நடுவில் இருக்கட்டும்.

இனிப் பேச்சு. மேடையில் யார் என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பார்த்து அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

உருகிப் போகும் பொருளை விற்று உறுதியான கட்டடங்களை எழுப்பி, எங்கள் பள்ளிக்கு இந்த மேடையையும் தலைக்குமேல் சுழலும் மின்விசிறிகளையும் தந்து, இன்று நடுநாயகமாக வீற்றிருக்கும் ஐஸ் கம்பெனி முதலாளி அவர்களே, விழாத் தலைவர் அவர்களே! அவருக்கு வலப்பக்கம் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே. நான் எந்த வரியில் தடுக்கி விழுவேனோ என்று இப்போதே உதட்டை அசைத்துக்கொண்டிருக்கும் வகுப்பாசிரியை அவர்களே. முன்வரிசையில் மடியில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே. வந்தே ஆகவேண்டும் என்று சொல்லி அனுப்பப்பட்டதால் வந்து, கடைசிச் சுவரில் சாய்ந்து நிற்கும் ஐஸ் ஷெட் அண்ணன்மார்களே. என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அப்பா அவர்களே. உங்கள் அனைவருக்கும் இந்தச் சின்னப் பெண்ணின் பெரிய வணக்கம்.

எனக்கு ஒரு தலைப்பு தரப்பட்டது. போதைக்கு அடிமையானவன் கோழை என்பது தலைப்பு. தலைப்போடு பேச்சும் தரப்பட்டது. அடுக்கடுக்கான சொற்கள், அழகான பேச்சு. அதில் ஒரு பத்தி, போதைக்காரன் மனிதனே அல்லன் என்று முடிகிறது. அதை வீட்டில் உரக்கப் படித்துப் பழகிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் படுத்திருந்தான். அங்கிருந்து குரல் வந்தது.

"ஏய், 'அல்லன்'ல கொஞ்சம் அழுத்து. அங்கதான் கைதட்டு விழும்."

தாய்மார்களே, அந்த வரியை அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வேன்? எந்த வாயால் சொல்வேன்?

கோழையா என் அண்ணன்? உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து மேலே வரும் ஐஸ் கட்டியை ஒற்றைக் கொக்கியில் இழுத்து, வழுக்கும் தரையில் வழுக்காமல் நடந்து, லாரியின் பலகைமேல் ஏற்றுகிறவன் கோழையா? தண்ணீரை உறையவைக்கும் அம்மோனியா வாயு கசிந்த அன்று எல்லோரும் வெளியே ஓடியபோது, ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, உள்ளே சிக்கியவரைத் தேடிப் போனவன் கோழையா? அன்று இழுத்து வரப்பட்டவர் இதோ, இந்தக் கடைசிச் சுவரில்தான் சாய்ந்து நிற்கிறார். கையைத் தூக்க வேண்டாம் அண்ணே. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். போதும்.

கோழைத்தனத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. மூளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நரம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு கிண்ணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என்ன கிண்ணம் என்று முன்வரிசையில் கேட்கிறீர்கள். பின்வரிசையில் யாரும் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

ஐஸ் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. இரவு லோடு ஏற்றுவதற்கு முன்னால் டீ வரும். ஒரு தட்டு, தட்டில் கிளாஸ்கள், கிளாஸ்களுக்கு நடுவே ஒரு சின்னக் கிண்ணம். பார்த்தால் சர்க்கரை என்றுதான் தோன்றும். உள்ளே வலி மாத்திரை. சாதாரணக் காய்ச்சல் மாத்திரை அல்ல. அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்கு மருத்துவர் அளந்து கொடுக்கும் ரகம். அதை மேஸ்திரி தன் கையாலேயே எடுத்துக் கொடுப்பார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. குளிரில் விரல் மரத்து, பாரத்தில் தோள் கழன்று போகிறவர்கள் மத்தியில் அது மருந்தாக இருந்து, பிறகு மரியாதையாகவே மாறிவிட்டது. கிண்ணத்தை ஒதுக்குகிறவன் கூட்டாளிகளையே ஒதுக்குகிறான் என்று பொருள்.

என் அண்ணன் தோளில் ஐஸ் கட்டி சரிந்து விழுந்த அன்று நடந்ததை அவனே சொல்லியிருக்கிறான்.

"வலிக்குதா தம்பி?" என்றாராம் மேஸ்திரி.

"வலிக்குதுண்ணே. கையைத் தூக்கவே முடியல."

"வீட்ல போய் படுத்தா வலி மட்டும் போயிடுமா? இதைப் போடு. கை தானா தூக்கும்."

தூக்கியது, அவையோரே. தானாகத்தான் தூக்கியது. அதுதான் வினையாகப் போனது.

அடிபட்டால் வலி எப்படித் தெரிகிறது? தோளிலிருந்து நரம்பு வழியே ஒரு சேதி ஓடுகிறது, தண்டுவடத்தில் ஏறுகிறது, மூளையை எட்டுகிறது. அந்தச் சேதியைத் தணிக்க உடம்பே தன் சொந்த மருந்தைக் கொஞ்சமாகச் சுரக்கிறது. அந்த மருந்தை வாங்கிக்கொள்ள நரம்பு அணுக்களில் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. மாத்திரை அந்த வாசல்களில்தான் நுழைகிறது. சொந்த வீட்டுக்காரனைப் போல நுழைகிறது. சேதி அடங்குகிறது. வலி அடங்குகிறது. அங்கேயே நின்றால் அதற்கு மாலை போட்டு வணங்கலாம். நிற்பதில்லையே. மூளையின் ஆழத்தில், நமக்கு நல்லது நடக்கும்போது 'இது நன்றாயிருக்கிறது, மறுபடி செய்' என்று சொல்லும் ஒரு பாதை இருக்கிறது. பசித்தவன் சாப்பிடும்போது, பிரிந்தவர்கள் சந்திக்கும்போது, டோபமைன் என்ற சுரப்பு அங்கே அளவாக ஊறும். மாத்திரை அதை அளவில்லாமல் திறந்துவிடுகிறது. ஊற்று இருந்த இடத்தில் வெள்ளம்.

வெள்ளம் புகுந்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? கதவை அடைப்பார். மூளையும் அதைத்தான் செய்கிறது. வாசல்களைக் குறைக்கிறது, இருக்கிற வாசல்களையும் மந்தமாக்குகிறது. நேற்றைய அளவு இன்று போதவில்லை. இன்றைய அளவு நாளை போதாது. அடைத்த கதவுக்கு வெள்ளம் எது, ஊற்று எது என்று தெரியுமா? சாதாரண சந்தோஷமும் உள்ளே வர முடியாமல் வெளியே நிற்கிறது.

எங்கள் வீட்டில் அது எப்படி நின்றது தெரியுமா? நான் பாடம் படிக்க உட்கார்ந்தால் அண்ணன் ஐஸ் கம்பெனியின் கம்ப்ரசர் மிஷின் மாதிரி சத்தம் போடுவான். முதலில் உறுமல், பிறகு இருமல், கடைசியில் பெருமூச்சு; அசல் மிஷின்தான். அந்த மிஷினைப் பார்த்துக்கொள்கிற என் அப்பாவே ஒருமுறை ஏமாந்துபோய், சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை ஓடியிருக்கிறார். சிரியுங்கள், சிரிக்கத்தான் சொன்னேன். அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் நின்றது. உயரம் தாண்டும் போட்டியில் நான் முதலாவதாக வந்து பதக்கத்தைக் காட்டினேன். "ம்" என்றான். பதக்கத்தைப் பார்த்த கண்தான், ஆனால் பார்க்கவில்லை.

"சம்பாதிக்கிற திமிரு. இப்போ நம்மளை எல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?" என்றாள் அம்மா.

திமிர் இல்லை அம்மா. அவன் சந்தோஷப்பட மறுக்கவில்லை. சந்தோஷம் நுழையும் வாசல் அடைத்துக்கிடந்தது.

பிறகு ஒருநாள் எல்லாம் வெளியே தெரிந்தது. அப்பா அவனை அறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டார். பட்டினி போட்டால் பேய் ஓடும் என்பது போல, மாத்திரை இல்லாமல் போட்டால் புத்தி வரும் என்று நினைத்தார். புத்தியா வந்தது? முதலில் கொட்டாவி வந்தது. ஓயாத கொட்டாவி. மூக்கு ஒழுகியது, கண் ஒழுகியது. ஜன்னல் சாத்திய புழுக்கமான அறையில் உடம்பெல்லாம் புல்லரித்தது. வயிறு கழன்று ஓடியது. கால்கள் தாமாக உதைத்துக்கொண்டன. படுக்கையை, சுவரை, காற்றை உதைத்தன. இத்தனை நாள் மாத்திரை அழுத்திப் பிடித்து வைத்திருந்த நரம்புகள், பிடி விட்டதும் மொத்தமாக எகிறிக் குதித்தன.

"நடிக்கிறான். கதவைத் திறக்காதே" என்றார் அப்பா.

அப்பா, எல்லோர் முன்னாலும் கேட்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அழுகையை நடிக்கலாம். வயிற்றுவலியை நடிக்கலாம், பரீட்சை அன்று நானே நடித்திருக்கிறேன். ரோமம் குத்திட்டு நிற்பதை எந்த நடிகனால் நடிக்க முடியும்?

தாழ்ப்பாளைத் திறந்தது அம்மா. அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனதும் அம்மா. அங்கிருந்த டாக்டரம்மா அவனைத் திட்டவில்லை. எனக்கு அதுவே அதிசயமாக இருந்தது.

"மனசு வெச்சா விட்டுடலாம்னு எல்லாரும் சொல்றாங்களே டாக்டர்" என்று அம்மா கேட்டாள்.

"மனசு எங்கம்மா இருக்கு? 'வேண்டாம், நில்லு'ன்னு சொல்ற வேலை நெத்திக்குப் பின்னாடி இருக்கிற மூளையோடது. அந்த பிரேக்கைத்தான் இது தேச்சு வெச்சிருக்கு. பிரேக் தேஞ்ச வண்டியை ரிப்பேருக்கு விடுவீங்களா, இல்ல ரோட்ல நிறுத்தி திட்டுவீங்களா?"

என்னோடு படிக்கும் தோழியரே, தோழரே, இந்த இடத்தில் உங்களிடம் ஒரு வார்த்தை. அந்த பிரேக் மூளையில் கடைசியாக முடிகிற வேலை. இருபது வயது தாண்டியும் அது கட்டிக்கொண்டே இருக்கிறதாம். நம்முடையது இன்னும் பூச்சு வேலையே தொடங்காத கட்டடம். ஒரு தடவைதானே என்று யாராவது நீட்டினால், அந்தக் கையைப் பார்க்காதீர்கள். நம் கட்டடத்தைப் பாருங்கள்.

அண்ணன் குணமாகி வந்தான். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. ஒருநாள் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து லேசாக ஓர் உறுமல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். "மிஷின் இப்பதான் ஸ்டார்ட் ஆகுது" என்றான்.

இதோடு என் பேச்சு முடிந்திருந்தால் எத்தனை நன்றாக இருக்கும். முடியவில்லை.

மறுபடி வேலைக்குப் போன முதல் நாள். ஷெட்டில் அவனைத் தூக்கிச் சுற்றாத குறை. தட்டு வந்தது. கிண்ணம் வந்தது. பின்வரிசை அண்ணன்மார்களே, இப்போது நீங்களும் கூரையைப் பார்க்காதீர்கள். நான் உங்களைக் குத்திக்காட்டப் போவதில்லை. நீங்கள் அன்பாகத்தான் செய்தீர்கள்.

"வாடா, வா. உன் பங்கைத் தனியா எடுத்து வெச்சிருக்கோம்" என்றீர்கள்.

எடுத்து வைத்திருந்தது அவன் பழைய அளவு. நோயில் படுத்து எழுந்தவனுக்கு உறவினர்கள் கூடுதலாக ஓர் அகப்பை பரிமாறுவது போல, அவன் பழக்கத்தை மறக்காமல் அப்படியே பத்திரப்படுத்தியிருந்தீர்கள். கிளாஸின் ஓசை, கிண்ணத்தின் ஓசை. அதைக் கேட்டதுமே வாயில் எச்சில் ஊறியது, கை தானாக நீண்டது என்றான் அண்ணன். மூளை சந்தோஷத்தை மறந்தாலும் அந்த ஓசையை மறப்பதில்லை.

நீங்கள் மறக்கவில்லை. அவன் மூளை மறக்கவில்லை. மறந்தது எது தெரியுமா? அவன் உடம்பின் தாங்கும் சக்தி. விட்டிருந்த நாட்களில், அடைத்த வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டன. அது குணம். ஆனால் திறந்த வீட்டுக்குள் பழைய வெள்ளம் புகுந்தால்? முன்பு அவனை நிமிர்த்தி வேலை வாங்கிய அதே அளவு, இப்போது அவனைச் சாய்த்தது. பிடரிக்கு மேலே, மூளையின் அடித்தண்டில், நாம் தூங்கும்போதும் மறந்துபோகாமல் மூச்சு விடவைக்கும் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தை மாத்திரை தூங்கவைத்துவிட்டது.

தொட்டி ஓரமாக அவன் சரிந்தான். குறட்டை விட்டான். "அசந்துட்டான், தூங்கட்டும் பாவம்" என்று சாக்கை எடுத்துப் போர்த்தினீர்கள். அது குறட்டை இல்லை அண்ணே. மூச்சு சிக்கித் திணறும் சத்தம். மிஷினின் சத்தத்திலேயே ஆயுளைக் கழித்த என் அப்பா அந்தப் பக்கம் வந்தார். சத்தம் சரியில்லையே என்று நின்றார். சத்தம் நின்றபோது சாக்கை விலக்கினார். உதடு நீலமாக இருந்தது.

அம்மோனியா கசிந்தால் என்ன செய்வது என்று கம்பெனியில் பயிற்சி கொடுப்பார்கள். மூச்சு நின்றவருக்கு ஊதுவதை அப்பா அங்கே பொம்மைமேல் செய்து பழகியவர். அன்று மகன்மேல் செய்தார். தலையைச் சாய்த்து, மூக்கை அடைத்து, வாயோடு வாய் வைத்து ஊதினார். வண்டி வரும்வரை ஊதினார். வண்டிக்குள்ளும் ஊதினார். என் அண்ணன் அன்று விட்டது அவன் மூச்சு அல்ல. என் அப்பாவின் மூச்சு.

அப்பா, நீங்கள் அழக்கூடாது. நீங்கள் அழுதால் என்னால் மேலே பேச முடியாது.

மருத்துவமனையில் அப்பா, "வழுக்கி விழுந்துட்டான் டாக்டர்" என்றார். டாக்டரம்மா அண்ணனின் இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்மணி ஊசிமுனை அளவு சுருங்கியிருந்தது. "வழுக்கினா கண்மணி சுருங்காதுங்க" என்றார். ஊசி ஒன்றைப் போட்டார். வாசலில் சட்டமாக உட்கார்ந்திருக்கும் மாத்திரையைப் பிடித்து வெளியே தள்ளும் ஊசி அது. மூச்சு வந்தது. அண்ணன் வந்தான்.

அப்பா ஏன் பொய் சொன்னார்? எங்கள் வீடு கம்பெனி வீடு. எங்கள் கூரை கம்பெனிக் கூரை. அதனால் சொன்னார். மறுநாள் தலைவர் அவர்கள் எங்கள் வீட்டுக்கே வந்தீர்கள். ஒரே நாற்காலியை உங்களுக்குப் போட்டோம்.

"நல்ல பையன். அடுத்த வாரமே வரச் சொல்லு. வெளிய எதுவும் பேச்சு வேண்டாம். நான் என்ன, வீட்டைக் காலி பண்ணவா சொல்லப் போறேன்?" என்றீர்கள்.

"சரிங்க" என்றார் அப்பா.

அடுத்த வாரம் என் அண்ணன் அந்த ஷெட்டுக்குப் போனால் அதே தட்டு வரும். அதே கிண்ணம் வரும். அதே அன்பு வரும். அப்பா அந்தப் பக்கமாக வராமல் போனால்?

தலைவர் அவர்களே, கிண்ணத்தை நீங்கள் நிரப்பவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இரவு லோடு இத்தனை சீக்கிரம் எப்படி ஏறுகிறது என்று ஒருநாளாவது கேட்டீர்களா? அடிபட்ட தோள் மறுநாளே எப்படிக் கட்டியைத் தூக்கியது என்று கேட்டீர்களா? தெரியாது என்பீர்கள். நல்லது. இப்போது தெரிந்துவிட்டது. ஊரைக் கூட்டிவைத்து, உங்கள் மின்விசிறிக்குக் கீழேயே சொல்லிவிட்டேன். இனித் தெரியாது என்று சொல்ல முடியாது. கிண்ணத்தை எடுக்கச் சொல்லுங்கள். கட்டியை ஏற்றத் தள்ளுவண்டி கொடுங்கள். அடிபட்டவன் படுக்க நாள் கொடுங்கள். அதுவரை என் அண்ணன் வரமாட்டான். பையனை அனுப்பு என்று அப்பாவைக் கேட்காதீர்கள்; என்னைக் கேளுங்கள். அனுப்பமாட்டேன்.

டீச்சர் எழுந்திருக்கிறார். உட்காருங்கள் டீச்சர். முடிக்கப் போகிறேன்.

வீட்டைக் காலி செய்யச் சொன்னால் செய்வோம். பேசாதே என்றால் பேசுவேன். மைக்கை வாங்கினால் மைக் இல்லாமல் பேசுவேன். எனக்குப் பயம் இல்லையா? இருக்கிறது. பயத்தோடு பேசக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

அண்ணனைக் கேட்காமல் அவன் கதையைச் சொல்கிறாளே என்று தாய்மார்கள் நினைக்கலாம். கேட்டேன்.

"சொல்லு. பேரைச் சொல்லாதே. அண்ணன்னு சொல்லு, அது போதும்" என்றான். பிறகு, "நீலமா இருந்தேன்னு சொல்வியா?" என்றான்.

"சொல்வேன்."

"சொல்லு. அழகா இருந்தேன்னும் சேத்துக்கோ."

சேர்த்துவிட்டேன்.

குணமாவது என்பது ஒரே நாள் வேலை இல்லை, அவையோரே. மூளை தன் வாசல்களைச் சீர்செய்ய மாதக்கணக்கில் ஆகும். இடையில் ஆசை அலைபோல எழும்; உச்சிக்கு ஏறும்; தாக்குப்பிடித்தால் தானாக இறங்கும். அது இறங்கும்வரை பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்றார் டாக்டரம்மா. அறிவுரை சொல்ல அல்ல, உட்கார்ந்திருக்க. நான் இருக்கிறேன், அலை வந்தால் என் கதவைத் தட்டு என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். இதுவரை அவன் தட்டியதில்லை. தங்கையை எழுப்ப வெட்கம். அலை வந்தால் பின்வாசல் வழியாக ஷெட்டுப் பக்கம் போய்விடுகிறான். இரண்டு தடவை அப்பா பாதி வழியில் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறார்.

ஆகையால் உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவன் இருக்கலாம். மகனாக, கணவனாக, தம்பியாக. அவனைக் கோழை என்று கூப்பிட்டால் அவன் பின்வாசலுக்குத்தான் போவான். அவன் மனிதன் என்று தெரிந்த வீட்டில்தான் அவன் கதவைத் தட்டுவான்.

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. என் மேல் கோபத்தோடு அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களுக்கும் நன்றி, வணக்கம். தாழ்ப்பாளைத் திறந்த அம்மாவுக்கு நன்றி. மூச்சைக் கொடுத்த அப்பாவுக்கு நன்றி என்ற சொல் போதாது. கடைசியாக, இங்கே வராமல் வீட்டில் படுத்திருக்கும் என் அண்ணனுக்கு

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பா என்றால் கூப்பிட்டுக்கொண்டே தட்டுவார். அம்மா தட்டவே மாட்டாள். குரல் இல்லை. விரல் முட்டியால், மெல்ல. மறுபடியும் அதே மாதிரி.

அவன்தான். பின்வாசலுக்குப் போகாமல் என்னிடம் வந்திருக்கிறான், பெஞ்சுக்காரியே. பேனாவை மூடக்கூட